கோபத்துக்கு அனுமதி

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கோகிலவாணி தன் கோபத்தைத் திருப்பிக் கேட்டு வந்தாள். கேட்ட குரலில் கோபம் துளியும் இல்லை.

"எனக்குக் கோபம் வர மாட்டேங்குதுங்க. வர வேண்டிய எடத்துலயும் வர மாட்டேங்குது. என்ற அக்கவுண்டை என்ற பேருக்கே மாத்திக் குடுத்துருங்க" என்றாள், ரேஷன் கார்டில் விலாசம் மாற்றக் கேட்பவள்போல.

ஈரோட்டில் இருந்த அந்த நரம்பியல் மருத்துவமனையின் தரைத்தளத்தில், மருந்துக் கடைக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவே 'பயனர் கணக்குப் பிரிவு' என்று ஒரு கண்ணாடி அறை உண்டு. அதில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவள் நஸீமா. சீராக்கி பொருத்திக்கொண்டு வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் ஐடி போட்டு, பாஸ்வேர்டு கொடுத்து, அதை யார் திறந்து பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்று பெட்டிகளில் டிக் அடிப்பது அவள் வேலை.

சீராக்கி என்பது காதுக்குப் பின்னால் எலும்பில் பதிக்கும் எள்ளளவு சில்லு. துக்கம், பயம், கோபம், உறக்கம் என நான்கு வரிசைகள் அதற்கு. ஒவ்வொன்றையும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஏற்றி இறக்கலாம். ஐந்து இயல்பு. வாழ்க்கையே வேண்டாம் என்று கிடந்தவர்கள் எத்தனையோ பேர் அந்தச் சில்லினால் எழுந்து பல் தேய்த்து வேலைக்குப் போயிருக்கிறார்கள். நஸீமா கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். அதனால் சீராக்கியின்மேல் அவளுக்குப் பெரிய மரியாதை.

"உங்க அக்கவுண்டுக்கு நிர்வாகி யாருங்க?"

"எங்கண்ணன். சென்னியப்பன்."

நஸீமா ஐடியைத் தட்டினாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய கணக்கு. வயது முப்பத்து நான்கு. கணவர் விபத்தில் இறந்த நாற்பதாம் நாள் வாய்க்காலில் இறங்கியவர், அண்ணனால் மீட்கப்பட்டவர் என்று குறிப்பு இருந்தது. துக்கமும் பயமும் டாக்டர் கையில். கோபமும் உறக்கமும் வீட்டு நிர்வாகி கையில். வீட்டுப் பங்கில் நிர்வாகிக்கு 'எல்லா அனுமதிகளும்'. கோபத்தின் எதிரே இப்போது நின்ற எண் ஒன்று.

கீழே மாற்றங்களின் பட்டியல் இருந்தது. ஐந்திலிருந்து 4.9. 4.9-இலிருந்து 4.7. இப்படி முப்பத்தொரு தடவை. எல்லாம் சென்னியப்பனின் ஃபோனிலிருந்து.

"இத்தனை தடவை குறைச்சிருக்காரே, உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லலீங்க. கேட்டிருந்தா நானும் 'சரிங்ண்ணா'ன்னுதான் சொல்லியிருப்பேன்." அவள் கைப்பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். "அதுதானுங்க சிக்கலே. மனசுல ஒண்ணும் தோணாததுனால, புத்தியால யோசிச்சு எழுதி வச்சேன். பழைய கோகிலவாணி இந்த எடத்துல என்ன பண்ணியிருப்பான்னு."

நஸீமா நோட்டைப் பிரித்தாள். தேதி போட்டு, எண் போட்டு, குண்டு குண்டான கையெழுத்தில் பதினோரு குறிப்புகள்.

*நான்கு. பஸ்ஸில் ஒருவன் உரசினான். அறைந்திருக்க வேண்டும். நகர்ந்து நின்றேன்.*

*ஏழு. அவருடைய சட்டைகளை எல்லாம் அண்ணன் என்னைக் கேட்காமல் எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டார். கத்தியிருக்க வேண்டும். 'சரிங்ண்ணா' என்றேன்.*

*பதினொன்று. சாயப்பட்டறைக் கழிவுநீர் பரிசோதனை. குரோமியம் அளவுக்கு மேல் ஆறு மடங்கு. 'இயல்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.*

நஸீமா நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல இருக்கறனுங்க. பத்து வருசம். இந்த மாதிரி ரிப்போர்ட்டை நாலு தடவை மேனேஜர் மூஞ்சில வீசியிருக்கேன். அன்னிக்கு மேனேஜர் கேட்டாரு, நானும் போட்டுக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்து சோறு தின்னேன். தப்புன்னு தெரியுது. ஆனா தெரியறது மட்டும் போதறதில்லீங்க. எந்திரிச்சுப் போயி அந்தக் காகிதத்தைப் புடுங்கறதுக்கு ஒரு சூடு வேணுமில்லீங்களா? அது இல்ல. அந்தத் தண்ணி வாய்க்கால்ல போயிட்டிருக்கு. கீழ ரெண்டு ஊர் குடிக்குது."

இதையும் அவள் புன்னகையோடுதான் சொன்னாள்.

நஸீமா உரிமை மாற்றக் கோரிக்கையை உடனே பதிவு செய்தாள். கோகிலவாணி சென்சாரில் விரலை வைத்தாள். பத்து விநாடி கழித்துத் திரையில் பதில் வந்தது.

*விண்ணப்பதாரரின் விருப்ப அளவு: 2. தேவைப்படும் அளவு: 6. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.*

"அப்படின்னா?" என்றாள் கோகிலவாணி.

நஸீமா திரையைப் பார்த்தபடியே விளக்கினாள். "நோயாளிய யாராவது மிரட்டி, 'உரிமையை மாத்திக் கேளு'ன்னு அனுப்பிடக் கூடாதுல்ல? அதுக்காக வச்ச விதி. நீங்க மனசார கேட்கறீங்களான்னு சில்லு அளந்து பார்க்கும். உங்களுக்கு உண்மையா ஆசை இல்லைங்குது."

"ஆசைப்படறதுக்கும் அந்தச் சூடுதானுங்க வேணும்?"

"ஆமா."

"அதைத்தான் இறக்கி வச்சிருக்காங்க."

"ஆமா."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அவள் நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள். எழுந்தாள். நன்றி சொன்னாள். வேறு யாராக இருந்தாலும் மேசையை ஓங்கித் தட்டியிருப்பார்கள்.

"உட்காருங்க" என்றாள் நஸீமா. அவளுக்கே தன் குரல் அதட்டலாகக் கேட்டது. "நோட்டை எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க. ஒரு வாரம் டைம் குடுங்க."

அவள் போன பிறகு நஸீமா கணக்கை மறுபடி திறந்தாள். 'எல்லா அனுமதிகளும்' என்ற டிக்கின்மேல் விரலை வைத்தால் யார், எப்போது போட்டது என்று தெரியும். வைத்தாள். *நஸீமா பேகம், மதியம் 12:50.* அன்றைக்கு அறைக்கு வெளியே நாற்பது பேர் நின்றிருந்திருப்பார்கள். ஒவ்வோர் அனுமதியாக விளக்கிக் கேட்க இருபது நிமிடம் ஆகும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெட்டி இருந்தது. அதில் டிக் அடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பாள். அன்றைக்கு என்ன குழம்பு என்றுகூட இப்போது நினைவில்லை.

டாக்டர் அருளானந்தம் மூன்றாவது மாடியில் இருந்தார். நஸீமா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கோபம் நம்ம கையில இல்லைம்மா. வீட்டுல சண்டை சச்சரவுன்னா அவங்களே பார்த்துக்கட்டும்னு சட்டத்துல விட்டுட்டாங்க. நிர்வாகி ஒத்துக்கிட்டா என் முன்னால வச்சு கால் மணி நேரம் ஏத்திப் பார்க்கலாம். ஒத்துக்கலைன்னா ஒண்ணும் முடியாது."

"அவரு வருவாரா சார்?"

"வரவழைக்கறது உங்க வேலை."

வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நிர்வாகியின் அனுமதியையும் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. நடைமுறையில் ஃபோனுக்கு ஒரு செய்தி போகும். அவர்கள் 'தொடர்க' என்று அமுக்குவார்கள். அவ்வளவுதான் சரிபார்ப்பு. ஆனால் அலுவலர் விரும்பினால் நேரில் அழைக்கலாம், ஏழு நாளுக்குள் வராவிட்டால் அனுமதி நிறுத்தப்படும் என்று அதே விதியின் கடைசி வரியில் இருந்தது. ஒன்பது வருடத்தில் நஸீமா அந்த வரியைத் தொட்டதே இல்லை. இப்போது தொட்டாள்.

மூன்றாம் நாளே சென்னியப்பன் வந்துவிட்டார். கையில் ஹெல்மெட், சட்டைப் பையில் மூன்று பேனா. நஸீமா மனத்துக்குள் ஒரு மீசைக்காரனை, அதட்டல் குரலை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள். வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "என்ற தங்கச்சிக்கு ஏதாச்சும் ஆயிருச்சுங்களா?" என்றார்.

"ஒண்ணும் ஆகலை. கோபத்தை முப்பத்தொரு தடவை குறைச்சிருக்கீங்க. ஏன்னு கேட்கத்தான் கூப்பிட்டேன்."

அவர் ஹெல்மெட்டின் வாரை இழுத்து இழுத்து விட்டார்.

"அன்னிக்கு நாந்தானுங்க அவளை வாய்க்கால்ல இருந்து தூக்குனது. அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வீட்டுல பெரிய சண்டை. எல்லாத்தையும் திட்டுனா. தட்டைத் தூக்கி எறிஞ்சா. 'என்னை விடுங்க'ன்னு கத்திட்டு வாசலைத் தாண்டிப் போனா. கோவம் தணிஞ்சா வருவான்னு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதுக்கப்புறம் அவ குரல் ஒசந்தா எனக்குத் தண்ணிச் சத்தம் கேக்குதுங்க. துக்கம் டாக்டர் கையில இருக்குது, அதை நான் தொடல. கோவத்தைக் குறைச்சா யாருக்கு என்ன நட்டம்? ஒவ்வொரு தடவையும் ஒரு துளிதான் குறைச்சேன். அவ நல்லாத் தூங்கறா, சிரிக்கறா, உசுரோட இருக்கறா. எனக்கு அது போதும்."

நஸீமா நோட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் முதலில் மேலோட்டமாகப் புரட்டினார். ஏழாம் குறிப்பில் கண் நின்றது. உதடு அசைய அசைய அதை இரண்டு முறை படித்தார்.

"அந்தச் சட்டைங்களைப் பார்த்தா அழுவாளேன்னுதான் எடுத்துக் குடுத்தேன். அவதான் 'சரிங்ண்ணா'ன்னு தலையாட்டுனாளே."

"கடைசிப் பக்கத்தையும் படிச்சிருங்க."

பதினோராம் குறிப்பைப் படித்ததும் அவர் முகம் மாறியது. "இவ கையெழுத்துப் போட்டாளா? கோகிலாவா? ஏனுங்க, இவ காலேஜ்ல படிக்கறப்ப, ஹாஸ்டல் தண்ணியில புழு இருக்குன்னு வாளியோட கொண்டுபோயி வார்டன் மேசை மேல வச்சவளுங்க." சட்டென்று வாயை மூடிக்கொண்டார். தான் யாரைப் பற்றிப் பேசுகிறோம், அவளை எங்கே வைத்துப் பூட்டினோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்ததுபோல இருந்தது.

"கால் மணி நேரம்" என்றாள் நஸீமா. "டாக்டர் பக்கத்துலயே இருப்பாரு. நீங்களும் இருக்கலாம்."

"மறுபடி அந்த மாதிரி ஆயிருச்சுன்னா?"

நஸீமாவிடம் அதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. "எனக்குத் தெரியலைங்க" என்றாள். அந்தப் பதில்தான் அவரைச் சம்மதிக்க வைத்தது என்று பின்னால் அவர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு டாக்டரின் அறையில் நான்கு பேரும் கூடினார்கள். கோகிலவாணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சென்னியப்பன் கதவை அடைத்தாற்போல நின்றுகொண்டார். நஸீமா டேப்லெட்டைத் திறந்து அவருடைய கைரேகையை வாங்கினாள். டாக்டர் கோபத்தின் எண்ணை ஒன்றிலிருந்து இரண்டுக்கு, மூன்றுக்கு, மெதுவாக ஐந்துக்கு நகர்த்தினார்.

முதல் மூன்று நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. கோகிலவாணி கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள். ஐந்தாம் நிமிடம் அவள் காது மடல்கள் சிவந்தன. தலையை மெல்லத் திருப்பினாள். பார்த்தது அண்ணனை அல்ல, நஸீமாவை.

"எங்கண்ணனுக்கு எல்லா அனுமதியும் குடுத்த டிக்கை யாருங்க போட்டது?"

நஸீமா ஓரடி முன்னால் வந்தாள். "நான்தான்."

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நான் அந்த ரூமுல உங்களுக்கு எதுக்க உட்கார்ந்திருந்தேன். ஞாபகம் இருக்குதுங்களா? தலையில கட்டோட. எங்கண்ணன்கிட்ட கேட்டீங்க, ஆதார் நம்பர் என்ன, ஃபோன் நம்பர் என்னன்னு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? 'ஏம்மா, உன் கோவத்தை இவர் கையில குடுக்கறேன், உனக்குச் சம்மதமா'ன்னு ஒரு வார்த்தை? நான் என்ன சூட்கேஸா, சாவியை ஆம்பளை கையில குடுத்து அனுப்பறதுக்கு?"

அறை அதிர்ந்தது. வெளியே போன நர்ஸ் ஒருத்தி கதவின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நஸீமா தலையைக் குனிந்து, "தப்புதாம்மா. கேட்கலை" என்றாள்.

கோகிலவாணி எழுந்தாள். அண்ணன்முன் போய் நின்றாள். அவர் கதவோடு ஒட்டிக்கொண்டார்.

"அவரு சட்டைங்களை யாருக்குக் குடுத்த?"

"கோகிலா…"

"யாருக்குண்ணா குடுத்த? நீலக் கட்டம் போட்ட சட்டையில காலர்ல அவரு வாசம் இருந்துச்சு. அதை மட்டும் தலகாணிக்கு அடியில வச்சிருந்தேன். அதையுமா தேடி எடுக்கணும்? நான் அழுதா என்ன இப்போ? புருசன் செத்தவ அழுவாத வேற என்ன பண்ணுவா? நான் கத்துனதுக்காக வாய்க்கால்ல எறங்கல. கத்திக் கத்திப் பார்த்தும் ஒருத்தரும் என்னன்னு கேட்கலைன்னுதான் எறங்குனேன்!"

கடைசி வார்த்தை உடைந்து போனது. டாக்டரின் விரல் எண்ணின்மேல் தயாராக இருந்தது. சென்னியப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். அவர் காதில் என்ன சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது என்று நஸீமாவுக்குத் தெரிந்தது.

கோகிலவாணி கதவைத் திறக்கவில்லை. திரும்பி வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதாள். நன்றாக, சத்தமாக, மூக்கு ஒழுக அழுதாள். அப்புறம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து, "பசிக்குது" என்றாள்.

சென்னியப்பன் கண்ணைத் திறந்தார். தன் தங்கை இன்னும் அதே நாற்காலியில் இருப்பதைப் பார்த்தார். அப்படியே கதவோரமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருடமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை அன்றைக்குத்தான் விட்டார் என்று தோன்றியது.

"போண்டா வாங்கியாரட்டுமா?" என்றார் தரையிலிருந்தபடியே.

"உளுந்து போண்டா. போன தடவை மாதிரி மைசூர் போண்டாவை வாங்கியாந்த, மூஞ்சியிலயே அடிப்பேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். நஸீமாவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. எண் ஐந்திலேயே இருந்தது. யாருக்கும் அதை இறக்கத் தோன்றவில்லை.

போண்டா தீர்ந்த பிறகு கோகிலவாணி டேப்லெட்டின் சென்சாரில் மறுபடி விரல் வைத்தாள். விருப்ப அளவு ஒன்பது என்று வந்தது. சென்னியப்பன் சம்மதம் கொடுத்தார். நிர்வாகி என்ற இடத்தில் அவர் பெயர் மறைந்து, கோகிலவாணியின் பெயர் வந்தது. இந்தத் தடவை நஸீமா ஒட்டுமொத்தப் பெட்டியின் பக்கமே போகவில்லை. ஒவ்வொரு வரியாக வாசித்து, ஒவ்வொன்றின் பொருளையும் சொல்லி, "இது யார் கையில இருக்கணும்?" என்று கேட்டாள். இருபத்து மூன்று நிமிடம் ஆயிற்று.

கோபமும் உறக்கமும் 'என் கையில்' என்றாள் கோகிலவாணி; துக்கமும் பயமும் டாக்டரிடமே இருக்கட்டும் என்றாள். அண்ணனுக்கு 'பார்க்க மட்டும்'. "பார்த்துக்கட்டும். தொட முடியாதுல்ல?"

"முடியாது."

"எண் எப்பவாச்சும் ஏறுனா ஃபோன் பண்ணிக் கேக்கட்டும், 'என்னாச்சு கோகிலா'ன்னு. அதுக்குத்தான் பார்க்க விடறேன்."

கடைசி வரி சில்லை முழுவதுமாக அணைக்கும் அனுமதி. அதுவும் நிர்வாகிக்கே உரியது. நஸீமா கை தானாகவே கோகிலவாணியின் பெயரை நோக்கிப் போயிற்று.

"அது வேண்டாங்க" என்றாள் கோகிலவாணி.

"இது முழுக்க உங்க உரிமை. இதைத் தாராளமா வச்சுக்கலாம்."

"தெரியுதுங்க. என்ற உரிமைதான், அதனாலதான் குடுக்கறேன். வாய்க்கால் பக்கம் போன அன்னிக்கு எனக்கு என்ன தோணுச்சுன்னு எனக்குத்தான் தெரியும். அந்த மாதிரி ஒரு நாள் மறுபடி வந்தா, அன்னிக்கு என்னை நம்பி இதை விட முடியாது. அணைக்கறதுன்னா ரெண்டு கை வேணும்னு போடுங்க. ஒண்ணு என்ற கை, ஒண்ணு எங்கண்ணன் கை. ரெண்டு பேரும் சேர்ந்து வச்சாத்தான் அணையணும்."

சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார். "நானா? இவ்வளவு பண்ணுனதுக்கு அப்புறமுமா?"

"நீதானே தூக்குனே" என்றாள் அவள், கையை டவலில் துடைத்தபடி.

இருவர் கூட்டு அனுமதி என்று ஒரு பெட்டி அந்த மென்பொருளில் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. ஒன்பது வருடத்தில் யாரும் கேட்டதில்லை, நஸீமாவும் சொன்னதில்லை. இப்போது தேடி எடுத்து டிக் அடித்தாள். அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு விரலை வைத்தார்கள்.

திங்கட்கிழமை கோகிலவாணி ஆய்வகத்துக்குப் போனாள். அந்தக் கழிவுநீர் அறிக்கை தவறு என்று தன் கையாலேயே எழுதி, தன் கையெழுத்தைத் திரும்பப் பெற்று, ஒரு நகலை மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் நேரில் கொடுத்தாள். மேனேஜர் அறையில் அவள் பேசியது கீழ்த்தளம் வரை கேட்டதாம். வேலை போயிற்று. புதன்கிழமை பட்டறையின் குழாய் வாய்க்குச் சீல் வைத்தார்கள். கீழே இரண்டு ஊருக்கும் லாரியில் தண்ணீர் போயிற்று. விசாரணைக்கு வந்த அதிகாரியே, "எங்க லேப்ல ஆள் இல்லம்மா, விண்ணப்பம் போடுங்க" என்றாராம். இதெல்லாம் நஸீமாவுக்குச் சென்னியப்பன் ஃபோனில் சொன்னது. "தெனமும் ஒரு தடவையாச்சும் என்னைத் திட்டறாளுங்க" என்று முடித்தார். புகார் சொல்லும் குரலாக அது இல்லை.

அந்த ஃபோன் வந்த அன்று மத்தியானம் நஸீமா தன் பட்டியலைத் திறந்தாள். அவள் ஐடியில் உருவான கணக்குகளில் 'எல்லா அனுமதிகளும்' என்ற ஒற்றை டிக் விழுந்தவை நானூற்றுப் பன்னிரண்டு. சரிபார்ப்பு விதியின் கடைசி வரியைச் சொடுக்கி, முதல் பத்து நிர்வாகிகளுக்கும் நேரில் வரச்சொல்லி அழைப்பு அனுப்பினாள். நோயாளியையும் கூட்டி வரவும் என்று தானே ஒரு வரி சேர்த்தாள். அறைக்குள் நாற்காலி இரண்டுதான் இருந்தது. இன்னும் நான்கு கேட்டு எழுதினாள். குடிதண்ணீர்க் கேன் ஒன்றும் கேட்டாள்.

ஸ்டோர்ஸ்காரர் காரணம் என்ன என்று கேட்டார்.

"திட்ட வருவாங்க சார்" என்றாள் நஸீமா. "நின்னுட்டே திட்டினா கால் வலிக்கும்ல?"

அந்த வாரம் அவளை ஆறு பேர் திட்டினார்கள். அடுத்த வாரம் பதினேழு.